ராஜலிங்கம் குத்தாமல் விட்ட இரண்டு புள்ளி

ராஜலிங்கம் எதைக் கழற்றினாலும் முதலில் இரண்டு புள்ளி குத்துவான். பிரியப்போகிற இரும்பில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நேருக்கு நேராக. கூரான சின்ன உளி ஒன்று வைத்திருப்பான். அதை வைத்து, தலையில் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. திரும்பப் பூட்டும்போது இரண்டு புள்ளியும் ஒன்றையொன்று பார்த்தால் சாமான் பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் கொழும்பு ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இறங்கினால் அவனுடைய தகரக் கொட்டகைக் கராஜ் வரும். பிறந்தது நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். பதினேழு வயதில் ஒரு துணிப்பையோடு இறங்கி வந்தவனுக்கு இப்போது நாற்பத்தேழு. மலை ரோட்டில் ஓடுகிற ஜீப்புகள்தான் இத்தனை வருஷமும் அவனுக்குச் சோறு போட்டன. வீட்டில் அலுமாரிக் கதவைக் கழற்றினாலும் கீலில் இரண்டு புள்ளி இருக்கும். "தாலியிலயும் ரெண்டு புள்ளி குத்தத்தான் பாத்தாரு, ஐயரு விடல" என்று அவன் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை புள்ளி குத்தாமல் விட்டான். அவனைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் அவனைச் சொன்னதாகாது. ஆகையால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பொங்கல் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை மோகனராஜ் ராஜலிங்கத்துக்கு ஃபோன் எடுத்தான். மேலே ராஜலிங்கம் பிறந்த அதே தோட்டத்தில் செல்லச்சாமி என்று ஒருவர் பழைய ஜீப் ஒன்றை வைத்து ஆள் ஏற்றி ஓட்டுகிறார். அவர் மனைவி பாலம்மா. பாலம்மாவின் தம்பிதான் இந்த மோகனராஜ். பாலம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்களும் வியாழனும் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்பதை அந்த லயத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை.

கார்த்திகை மழையில் மண் சரிந்து தார் ரோட்டைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு தோட்டத்தை விட்டு இறங்க ஒரே வழி, மலையைச் சுற்றிப் போகிற பழைய லொறி ரோடு. ஆறு கிலோமீற்றர் களிமண்ணும் கல்லும். முச்சக்கர வண்டி போகாது, வேன் போகாது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப்தான் போகும். தோட்டத்தில் அப்படி இருந்தது செல்லச்சாமியின் ஜீப் ஒன்றுதான்.

"பாசு, ஒங்க கைராசியப் பத்தித்தான் இங்க பேச்சு" என்றான் மோகனராஜ். மெக்கானிக்கை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன மோகன்?"

"மூணு மாசத்துக்கு முந்தி நீங்க போட்ட யுனிவர்சல்ல ரெண்டு, நேத்துக் காலையில லொறி ரோட்டுல வச்சு வாயப் பொளந்துருச்சு. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகல. கதிரையில உக்கார வச்சு நாலு பேரு தூக்கிட்டுத் திரும்பி வந்தோம். பாதி வழியில அவளுக்கு மூச்சு நின்னு வந்துச்சு. போலிச் சாமானைப் போட்டு ஏமாத்திட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

யுனிவர்சல் என்பது வேறொன்றும் இல்லை. என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக ஒரு நீளமான இரும்புத் தண்டு உண்டு. புரொப்பலர் ஷாஃப்ட் என்பார்கள். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் சிலுவை மாதிரி ஒரு மூட்டு இருக்கும். வண்டி பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது தண்டு சுழலவும் வேண்டும், வளைந்து கொடுக்கவும் வேண்டும். அந்த வளைவைத் தாங்குகிற மூட்டுதான் யுனிவர்சல். நம் முழங்கை எப்படியோ அப்படி.

ராஜலிங்கம், "வியாழன் எத்தனை மணிக்கு ஏறணும்?" என்று மட்டும் கேட்டான்.

"விடிய அஞ்சுக்கு."

"நான் இன்னைக்கே வர்றேன்."

ஃபோனை வைத்துவிட்டு அக்குறணைக்கு எடுத்தான். அங்கே ஜவாஹிர் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். இருபது வருஷமாக ராஜலிங்கம் சாமான் எடுப்பது அவரிடம்தான். அண்ணன் என்கிற மாதிரி 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிடுவான்.

"ஜவாஹிர் நானா, புரட்டாசியில குடுத்த நாலு யுனிவர்சல்ல ரெண்டு போயிருச்சாம்."

"எந்த ரெண்டு?"

"இன்னும் பாக்கல."

"பாக்கலன்னா எனக்கு எதுக்கு எடுத்தீங்க? பழி போடவா?"

"பழி போடுறதுன்னா மேல ஒருத்தன் நல்லாப் பேசுறான், அவனையே எடுக்கச் சொல்லியிருப்பேன். எனக்கு இன்னும் ரெண்டு வேணும். தோட்டத்துல ஒரு பொம்புளைய வியாழன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

ஜவாஹிர் கடைப் பெட்டிகளைப் புரட்டுவது கேட்டது. "அதே பெட்டியில வந்ததுல மிச்சம் கிடக்கு. கண்டி பஸ்ஸுல குடுத்தனுப்புறேன், ஸ்டேண்டுல நின்னு எடுங்க. போனதை எனக்குக் கொண்டுவாங்க. நான் வித்தது கள்ளச் சாமான்னா நானே அந்தத் தோட்டத்துக்கு ஏறிவந்து, அந்தப் பொம்புளைக்கி முன்னால சொல்றேன்."

பிற்பகல் ராஜலிங்கம் தோளில் சாமான் பையோடு லொறி ரோட்டில் நடந்து ஏறினான். ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து லயத்து முன்னால் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். செல்லச்சாமி, "வா தம்பி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஃபோனில் மோகனராஜ் பேசியதெல்லாம் சேர்ந்தும் இந்தப் பேசாமை போல அவனுக்கு வலிக்கவில்லை.

பாலம்மா வாசலில் கதிரையில் இருந்தாள். இரண்டு காலையும் ஒரு பலகையின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். பாதம் புதுப் பாண் ரொட்டி போல உப்பியிருந்தது.

"வாங்க தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்சம் படுங்க, நடந்து வந்திருக்கீங்க."

"படுக்கத்தான் வந்தேன் அக்கா. ஜீப்புக்கு அடியில."

சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, கியரை விடுவித்துவிட்டு, சாக்கை விரித்து உள்ளே போனான். முதலில் பின் ஷாஃப்டைப் பிடித்தான்.

"போனது முன்னால உள்ளது. பின்னால என்ன தேடுறீங்க?" என்று மோகனராஜ் குனிந்து கேட்டான்.

"நல்லதைப் பாத்துட்டு வர்றேன், இரு."

மூட்டின் இந்தப் பக்கத்தை ஒரு கையாலும் அந்தப் பக்கத்தை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்த்தான். மயிரிழை ஆட்டம் இல்லை. மறு முனையும் அப்படியே. கிரீஸ் கறுப்பாக, ஈரமாக இருந்தது. பிறகு முன் ஷாஃப்டுக்கு ஊர்ந்து போனான். கை வைத்ததுமே டொக் டொக்கென்று அடித்தது. மூட்டைச் சுற்றி செங்கல்லை அரைத்தது போலச் சிவப்புப் பொடி. உள்ளே வரிசையாக இருக்க வேண்டிய ஊசி உருளைகள் அரைபட்டுத் துருவாகி வெளியே வந்திருந்தன. உருளைகளை மூடியிருக்கிற சின்ன இரும்புக் கிண்ணம் ஒரு பக்கம் பாதி வெளியே நின்றது. அதைப் பிடித்திருக்க வேண்டிய வளையத்தைக் காணவில்லை.

வெளியே வந்து உட்கார்ந்தான். "நாலும் ஒரே பெட்டிச் சாமான். பின்னால ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. சாமான்ல பிழை இல்ல."

"அப்ப கையில பிழை" என்றான் மோகனராஜ்.

ராஜலிங்கம் பதில் சொல்லுமுன் பாலம்மா வாசலிலிருந்து மெல்லப் பேசினாள். "தம்பி, நான் முன்னுக்கு உக்காந்து போவேன்ல, எறக்கத்துல என் காலுக்குக் கீழ ஒரு நடுக்கம் வரும். இன்னைக்கு நேத்து இல்ல. தீவாளிக்கு முந்தியே வந்துச்சு."

செல்லச்சாமி திரும்பினார். "நீ சொல்லவே இல்லியே."

"என் ஒடம்புதான் நடுங்குதுன்னு நெனச்சேன். ஒங்களுக்கு இருக்கிற கவலை பத்தாதா?"

செல்லச்சாமிக்கும் அந்த நடுக்கம் தெரியாமல் இல்லை. ரோடு மோசம், வண்டி பழசு, நடுங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். ஆளுக்கொரு காரணம் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் மூன்று மாதம் அந்த ஜீப்பில் போய் வந்திருக்கிறார்கள்.

ராஜலிங்கம் மனதுக்குள் நாள் கணக்குப் பார்த்தான். அவன் வேலையை முடித்துக் கொடுத்தது விஜயதசமியன்று. தீபாவளிக்கு முந்தியே நடுக்கம் என்றால், மூட்டு தேய்ந்து வந்த நடுக்கம் இல்லை. நடுக்கம் முதலில் வந்து, அது மூட்டைத் தின்றிருக்கிறது.

ஷாஃப்டைக் கழற்றி வெளியே எடுத்தான். அது இரண்டு துண்டு. ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்தில் நுழைந்து, முன்னும் பின்னும் நழுவும். பதினாறு பல். எந்தப் பல்லில் வைத்தாலும் நுழையும், ஆனால் ஒன்றுதான் சரி. பின் ஷாஃப்டில் இரண்டு முனையும் ஒரே நேரில் நிற்க வேண்டும், கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்த ஜீப்பின் முன் ஷாஃப்டைச் செய்தவர்கள் முனைகளைச் சற்றே திருகலாக வைத்துச் செய்திருந்தார்கள். அங்கே கண் உதவாது. குறிதான் வேண்டும்.

மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தான். கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தடவினான். அவனுடைய புள்ளி ஒன்றுகூட இல்லை. இரண்டு துண்டும் சேர்கிற இடுக்கில், பழைய கிரீசுக்கு அடியில், கொஞ்சம் மஞ்சளும் கொஞ்சம் சிவப்பும் ஒட்டியிருந்தன. சந்தனம். குங்குமம்.

அப்போதுதான் அவனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது.

சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் மாலை. இதே இடத்தில் இரண்டு ஷாஃப்டையும் இறக்கி வைத்திருந்தான். பின்னதற்குப் புள்ளி குத்திவிட்டான். முன்னதற்குக் குத்துமுன் செல்லச்சாமி வந்து நின்றார். "சாமானெல்லாம் குடு தம்பி. நாளைக்குப் படைக்கணும், அவ கழுவ எடுத்துவைக்கச் சொல்றா." சுத்தியலும் உளியும் திருகிகளும் எல்லாம் சாமிக்கு முன்னால் போய்விட்டன. படைத்த ஆயுதத்தை மறுநாள் பூசை முடிந்து எடுக்கும்வரை தொடக்கூடாது. தொட நினைப்பவனும் இல்லை அவன். ஆனால் ஷாஃப்டைப் பிரித்துக் கழுவிக் காயவிட வேண்டும். ஆகவே உளிக்குப் பதிலாகச் சாக்குக்கட்டியால் இரண்டு துண்டிலும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுக் கையாலேயே உருவிப் பிரித்தான்.

பூசையன்று பாலம்மா அந்த இரும்புகளையும் விடவில்லை. தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற வண்டியின் எலும்பல்லவா? மஞ்சள் தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். விஜயதசமி காலை ராஜலிங்கம் வந்து பார்த்தபோது கோட்டைக் காணவில்லை, பொட்டு இருந்தது. கோட்டின் மேல்தான் பொட்டு வைத்திருப்பார்கள் என்று எண்ணினான். துடைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் நல்ல நாளும் அதுவுமாக சாமிக்கு வைத்த குங்குமத்தை எண்ணெய்த் துணியால் துடைக்க அவனுக்குக் கை வரவில்லை. வாயைத் திறந்து கேட்கவும் இல்லை. பொட்டுக்கு நேரே பொட்டை வைத்துப் பூட்டிவிட்டான்.

இப்போது மோகனராஜ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். "என்ன பாசு, எழுத்து ஏதாவது தெரியுதா அதுல?"

ஒரு வார்த்தை போதும். உங்கள் அக்காதான் என் குறியை அழித்தது என்று சொன்னால் அவன் வாய் அடைத்துப்போகும். ராஜலிங்கம் வாசலைப் பார்த்தான். பாலம்மா வீங்கிய காலைத் தடவிக்கொண்டு, இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் திங்கட்கிழமையைத் தானே கெடுத்துக்கொண்டதாக அவளிடம் யார் போய்ச் சொல்வது?

"குறி போடாமப் பிரிச்சிருக்கேன்" என்றான். "பல்லு மாறிப் பூட்டியிருக்கு. அதுல வந்த நடுக்கந்தான் மூட்ட அரைச்சிருக்கு. என் பிழை."

"அதை இவ்வளவு லேசா சொல்றீங்க."

"லேசா இல்ல. ஆனா நான் சொல்லாட்டி அது ஜவாஹிர் நானா தலையில விழும். அந்த மனுசன் நல்ல சாமான்தான் குடுத்தாரு."

செல்லச்சாமி அவனை ஏறிட்டுப் பார்த்தார். 

புதன்கிழமை காலையிலிருந்து வேலை நடந்தது. ஷாஃப்டை இரண்டு கல்லின் மேல் தூக்கி வைத்து, மிச்சமிருந்த வளையங்களை நெம்பி எடுத்து, ஒரு துண்டுக் குழாயை வைத்துத் தட்டிக் கிண்ணங்களை இறக்கினான். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். மோகனராஜ் முணுமுணுத்துக்கொண்டே வந்து பிடித்தான்.

"நேராப் பிடி மோகன். என்மேல உள்ள கோவத்த அதுமேல காட்டாத."

"ரெண்டு பேருமேலயும் கோவந்தான்."

மூட்டு உட்காருகிற துளைக்குள் விரலை விட்டுச் சுற்றித் தடவினான். வட்டம் கெடவில்லை. அது ஒன்றுதான் நல்ல காலம். புதுக் கிண்ணத்துக்குள் ஊசி உருளைகள் சுவரில் ஒட்டி நிற்கும்படி கிரீஸ் தடவினான். ஒரே ஒரு ஊசி சாய்ந்தாலும் கிண்ணம் முழுதாக இறங்காது. அடித்து இறக்கினால் உடையும். ஒவ்வொன்றாக, தட்டு, பார், மறுபடி தட்டு என்று இறக்கி வளையத்தைப் பூட்டினான். பூட்டியதும் மூட்டை அசைத்துப் பார்த்தான். எங்கும் பிடிக்காமல், தளராமல், தன் பாரத்திலேயே மெல்லச் சாய்ந்தது.

மிச்சமிருந்தது பல். சரியான இடம் எதென்று சொல்ல ஒரு குறியும் இல்லை. ஆனால் பல வருஷம் சேர்ந்து ஓடிய இரும்பு. எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் தேய்ந்ததோ அங்கேதான் ஆட்டமில்லாமல் உட்காரும். ஒரு பல்லில் நுழைத்து, நழுவவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு திருகிப் பார்ப்பான். உருவுவான். அடுத்த பல். பதினொன்றாவது தடவை இரும்பு சத்தமே இல்லாமல் உள்ளே போனது. நம்பாமல் பதினாறும் முடித்துவிட்டுத் திரும்பவும் பதினொன்றுக்கு வந்தான். அதே மௌனம்.

பையிலிருந்து உளியை எடுத்தான். இந்தத் துண்டில் ஒரு தட்டு, அந்தத் துண்டில் ஒரு தட்டு.

பின்னேரம் செல்லச்சாமி ஜீப்பைச் சரிவுவரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். இறங்கி, "ஸ்டேரிங்கு பேசாம இருக்கு" என்றார். இரண்டு நாளில் அவனிடம் அவர் சொன்ன நீளமான பேச்சு அதுதான்.

வியாழன் விடியற்காலை பனியில் லயத்துக் கூரைகூடத் தெரியவில்லை. பாலம்மாவைத் தாங்கி ஜீப்பருகே கொண்டுவந்தார்கள். அவளுக்கு மூச்சு இரைத்தது. ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, புள்ளி எங்க குத்தினீங்க?"

"அடியில அக்கா. இருட்டுல தெரியாது. ஏறுங்க, நேரமாகுது."

"அன்னைக்கி அதைக் கழுவினது நான். வெள்ளையா ஒரு கோடு இருந்துச்சு. அழுக்குன்னு தொடச்சேன். ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். அது ஒங்க கோடுதானே?"

ராஜலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். "சாக்குக்கட்டியில போட்டதெல்லாம் ஒரு குறியா அக்கா? நீங்க தொடைக்காட்டி மழை தொடைச்சிருக்கும்."

"என் தம்பி ரெண்டு நாளா ஒங்களை என்னெல்லாம் பேசினான். நீங்க வாயத் தொறக்கல."

"அக்கா, ஏறு மொதல்ல" என்றான் மோகனராஜ்.

"ஏறமாட்டேன்டா. கேட்டுக்க. கோட்ட அழிச்சது நான். எதுல பொட்டு வைக்கணும்னு தெரியாம வச்சதும் நான்."

"வச்சதுல பிழை இல்ல" என்றான் ராஜலிங்கம். "அதைத் தொடைச்சுப் பாக்காம விட்டேனே, அது என்னோட பிழை. அதை நான் யாருக்கும் குடுக்கமாட்டேன், ஒங்களுக்கும் சேத்துத்தான்."

மோகனராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ராஜலிங்கத்தின் தோளிலிருந்த சாமான் பையை வாங்கிப் பின்னால் ஏற்றினான். "நீங்களும் வாங்க பாசு. கண்டியில எறங்கிப் போகலாம்" என்றான். அவனால் அவ்வளவுதான் முடிந்தது.

லொறி ரோட்டில் ஜீப் ஏறி, சரிவைச் சுற்றி இறங்கத் தொடங்கியது. பாலம்மா முன் இருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரைத் தகட்டில் அழுத்தி வைத்திருந்தாள். பின்னால் ராஜலிங்கமும் குனிந்து உள்ளங்கையைத் தகட்டில் வைத்திருந்தான். வளைவு வந்தது. கல் தட்டியது, பள்ளம் தூக்கிப் போட்டது. அந்த நடுக்கம் வரவில்லை. அடுத்த வளைவிலும் வரவில்லை.

தார் ரோட்டைத் தொட்டபோது பாலம்மா தன் கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"வண்டி நடுங்குறது நின்னுருச்சு தம்பி" என்றாள். "இப்ப நடுங்குறது நான் மட்டுந்தான்."

செல்லச்சாமி இடது கையை ஸ்டேரிங்கிலிருந்து எடுத்து அந்த விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். கியர் மாற்ற வேண்டியபோது மட்டும் விட்டார். பேராதனை தாண்டும்போது வெயில் வந்திருந்தது. கண்டியில் தாதி அவள் பெயரைக் கூப்பிட்டபோது, அவள் வரிசையில் தன் இடத்தில் இருந்தாள்.

ராஜலிங்கம் அங்கிருந்து பஸ் ஏறி அக்குறணைக்குப் போனான். சிவப்புப் பொடி அப்பிய பழைய மூட்டுகள் இரண்டையும் ஜவாஹிரின் மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னான். ஜவாஹிர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பொம்புளை ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குச் சேந்துட்டாவா?"

"சேந்துட்டாங்க."

"அப்ப சரி" என்றார் ஜவாஹிர். "இருங்க, சாப்பிட்டுப் போகலாம்."